சட்டைப் பையிலிருக்கும் அட்டை பற்றி

படைவீரர் எப்போது சுடலாம், எப்போது கூடாது என்று விதி எழுதும் அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் சட்ட ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். நான் சண்டைக்குப் போனவன் இல்லை. விசாரணை அறிக்கைகளை விடாமல் படிக்கிறவன், அவ்வளவுதான்.

1983 ஏப்ரலில் லெபனானின் தலைநகர் பெய்ரூட்டில் அமெரிக்கத் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் தூதரகக் காவலுக்கு நின்ற மரைன்களுக்கு (அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர்), எப்போது சுடலாம் என்ற விதியை அச்சிட்ட நீல அட்டை ஒன்று வந்தது. சுடுவதற்கு அதில் கூடுதல் அனுமதி இருந்தது. அதே ஊரில் விமான நிலையத்தில் தங்கியிருந்தவர்கள் கையில் பழைய வெள்ளை அட்டைதான். அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை, வெடிமருந்து ஏற்றிய லாரி அவர்கள் முகாமுக்குள் பாய்ந்தது. வாசல் காவலர்களின் துப்பாக்கியில் மேகசின், அதாவது தோட்டா அடைத்த பெட்டி, மாட்டியிருக்கவில்லை. உத்தரவு அப்படி. மேகசினைச் செருகி, தோட்டாவை ஏற்றி நிமிர்வதற்குள் லாரி கட்டடத்துக்குள் போய்விட்டது. இறந்த அமெரிக்கப் படையினர் 241 பேர். தோட்டா அந்த லாரியை நிறுத்தியிருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஏப்ரலில் ஒரு வாசலில் கற்ற பாடம், ஆறு மாதமாகியும் இன்னொரு வாசலுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதே என் கேள்வி.

விதியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2009 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க, நேட்டோ படைகளின் தளபதியாயிருந்த ஜெனரல் மெக்கிரிஸ்டல் வான்தாக்குதலுக்குக் கடிவாளம் போட்டதற்குக் காரணம் இருந்தது. வீட்டின் மேல் விழும் குண்டு, குடும்பத்தோடு சேர்த்து அந்த ஊரின் ஆதரவையும் அழித்துவிடுகிறது. உயிரைக் காக்க வேறு வழியில்லாத நேரத்துக்கு அந்த உத்தரவிலேயே விலக்கும் இருந்தது.

அப்புறம் என்ன நடந்தது? அதே ஆண்டு செப்டம்பர் 8, குனார் மாகாணத்தின் கஞ்ச்கல் பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் குண்டு பொழிய, சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்கள் பீரங்கி உதவி கேட்டு வயர்லெஸ்ஸில் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். பெரும்பாலும் மறுப்புதான் வந்தது. மூன்று மரைன்களும் ஒரு கடற்படை மருத்துவ உதவியாளரும் அங்கேயே இறந்தார்கள்; உடன் போன ஆப்கன் வீரர்களிலும் பலர். பிந்தைய விசாரணை, பின்னாலிருந்த கட்டுப்பாட்டு மையத்து அதிகாரிகளின் அலட்சியத்தைச் சாடியது.

நான் பார்த்தவரை, மேலே ஒரு பக்கத்தில் எழுதப்படும் விதி, கீழே இறங்க இறங்கத் தடித்துக்கொண்டே போகிறது. ‘நாளைக்கு விசாரணை வந்தால்?’ என்ற பயத்தில் ஒவ்வொரு அதிகாரியும் தன் பங்குக்கு ஒரு பூட்டு போடுகிறார். வயர்லெஸ்ஸைப் பிடித்திருப்பவனிடம் வந்து சேர்வது அத்தனை பூட்டும்தான். 2010 ஆகஸ்டில், மெக்கிரிஸ்டலுக்குப் பின் வந்த ஜெனரல் பெட்ரேயஸ் அந்த உத்தரவைத் திருத்தியபோது, தன் அனுமதி இல்லாமல் கீழுள்ள தளபதிகள் இதைவிட இறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி உங்கள் உத்தரவில் இருக்கிறதா?

பிழைத்து வந்தவர்கள் சுமப்பதும் சின்னதல்ல. 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். காக்க ஐ.நா. அமைதிப்படையாக அனுப்பப்பட்ட டச்சு (நெதர்லாந்து) வீரர்களிடம் போதிய அதிகாரமும் இல்லை, ஆயுதமும் இல்லை. அந்த வீரர்களிடம் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2022இல். இருபத்தேழு வருடம்!

சரி, ஒரு வேண்டுகோள். அடுத்த அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன், காவலுக்கு நிற்கும் ஒரு சிப்பாயிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். மறுநாள் முன்னறிவிப்பில்லாமல் போய், “லாரி வருகிறது, என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். அவர் கை சட்டைப் பையைத் தேடினால், திரும்ப எழுதுங்கள்.

இப்படிக்கு,
அறிக்கைகள் படிக்கும் ஒரு குடிமகன்