திருநெல்வேலி ஜங்ஷனில் போர்க்கால இரவு ஒத்திகை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சுமைதூக்கும் தொழிலாளர்கள் மற்றும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள்,
திருநெல்வேலி ஜங்ஷன்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: ஜங்ஷனில் விளக்கணைப்பு ஒத்திகை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

2025 மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் உள்ள நம் மாவட்டத்தின் பெரிய ஸ்டேஷனிலும், எதிரி விமானத்தின் கண்ணில் படாதபடி விளக்குகளை அணைத்துப் பார்க்கும் ஓர் இரவு ஒத்திகை நடத்த வேண்டுகிறோம். பகல் பதினொரு மணிக்கு நடத்தினால் போட்டோ நன்றாக வரும், அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு மேல், நெல்லை எக்ஸ்பிரஸ் கூட்டத்தில்தான் குறைகள் தெரியும்.

மெயின் சுவிட்சை ஒரேயடியாக அணைக்கக் கூடாது. பிளாட்பாரம் தண்டவாள மட்டத்துக்கு மேல் 76 முதல் 84 செ.மீ. உயரம். இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் பையும் பிள்ளையுமாக ஓடுகிறவர்கள் விளிம்பில் தவறி விழுவார்கள். முதலில் வெளி விளக்கும் விளம்பரப் பலகையும், பிறகு கூரையில்லாத பகுதி, கடைசியில் கூரையடி என்று படிப்படியாக அணைய வேண்டும். நடைமேம்பாலப் படிகளில் மட்டும் கீழ்நோக்கி மூடியிட்ட சிறு விளக்கு எரியட்டும். விளிம்புக்கும் படி முனைகளுக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்தாலே பாதி விபத்து குறையும். சிக்னல் மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது.

ஸ்டேஷன் மட்டும் இருண்டு பயனில்லை. பக்கத்து ஈரடுக்கு பாலத்தில் தெருவிளக்கும் வண்டி வெளிச்சமும் எரிந்தால் அதுவே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வாசலில் அல்வாக் கடை போர்டுகள் வேறு. ரயில்வே, மாநகராட்சி, மின்வாரியம், போலீஸ் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால்தான் முடியும் என்பதால் மனுவை இங்கே கொண்டுவந்தோம்.

நிற்கும் ரயிலின் விளக்கு ஸ்டேஷன் சுவிட்சுக்கு அடங்காது. மேல்கம்பி மின்சாரம் நின்றாலும் பெட்டியின் பேட்டரியில் அவசர விளக்கு எரியும். பயணிகள் கண்ணாடி ஷட்டரை இறக்கிவிட்டு மூடியாச்சு என்று உட்கார்ந்துவிடுவார்கள். இரும்பு ஷட்டரும் இறங்க வேண்டும். அதன் கொக்கி துருப்பிடித்திருந்தால் பாதியில் சிக்கி, கீழே நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசியும். பராமரிப்புக்காகப் பிட்லைனில் பெட்டி நிற்கும்போதே எண்ணெய் விட்டுச் சோதிக்கலாம். ஏசி பெட்டிக்கு ஷட்டரே கிடையாது. கனத்த கருப்புத் தாளும் டேப்பும் முன்கூட்டியே வெட்டி வைத்திருக்க வேண்டும்.

எல்எச்பி எனும் புதுவகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கை, நான்கு வாசல். அதில் இரண்டு மறுபக்கத் தண்டவாளத்தைப் பார்த்தவை. பதற்றத்தில் அந்தப் பக்கம் குதிப்பவர் அடுத்த லைனில் வரும் வண்டியில் மாட்டுவார். அந்த வாசல்களைப் பூட்டாமல், ஆள் நிறுத்திக் காக்க வேண்டும்.

தீப்பிடித்தால் இன்னும் கவனம் தேவை. மேல்கம்பியில் 25,000 வோல்ட். "நிறுத்தியாச்சு" என்று போனில் சொன்னால் போதாது. பக்கத்து லைன் கம்பியின் தூண்டலால் நிறுத்திய கம்பியிலும் மின்சாரம் ஏறி நிற்கும். இருபுறமும் எர்த் போட்டது (கம்பியைத் தரையோடு இணைத்தது) உறுதியான பிறகே தீயணைப்பு வண்டி தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இதைத் தீயணைப்புத் துறையும் ரயில்வேயும் ஒருமுறையாவது சேர்ந்து செய்து பார்க்கட்டும்.

சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக நீண்டால் ஆபத்து நீங்கியது. என்ஜின் ஹாரன் ஓயாத இடத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் பிடிபடாது. ஒலிபெருக்கியில் தமிழிலும் இந்தியிலும் சொன்னால்தான் ஜம்மு பக்கம் போகும் கத்ரா ரயிலுக்கு நிற்பவருக்கும் புரியும்.

தேதியைப் பத்து நாள் முன்பே அறிவிக்க வேண்டும்; இல்லையென்றால் வாட்ஸ்அப் வதந்தி சைரனை முந்திவிடும். திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்ட நாட்களைத் தவிர்க்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட மனுதாரர்கள்