கரண்டி பிடித்தவன் எழுதும் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதை நான் அப்போது சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து மாதமாகக் கவனமாகச் சாப்பிட்டும் 3 கிலோவுக்கு மேல் குறையவில்லை என்றாய். அதிலும் கடைசி ஆறு வாரமாக எடை அசையவே இல்லை என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு மன உறுதி போதாதுப்பா" என்றாய். நான் பொதுவாக ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். உன்னுடைய இந்தச் சிக்கலில் எனக்கும் பங்குண்டு என்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும்; அதை வாயால் சொல்ல வரவில்லை என்பதால்தான் தாவினேன். எழுத்தில் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கதை. நீ பள்ளியில் படித்த காலத்தில் நடந்ததால் உனக்கு அது முழுதாகத் தெரியாது. 40 வயதில் ஒரு வேகத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து, மூன்று மாதத்தில் 9 கிலோ இறக்கினேன். அடுத்த ஒன்றரை ஆண்டில் 11 கிலோ ஏறினேன். 52 வயதில் இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டபோது என் எடை 88 கிலோ. மருத்துவரிடம், "நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், என் உடல்வாகு அப்படி" என்று சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. ஒரு சமையல் தராசு வாங்கி, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல், இரண்டு வாரத்துக்கு வாய்க்குள் போவதை எல்லாம் நிறுத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த இரண்டு வாரம் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கரண்டி எண்ணெய் என்று நான் நம்பி ஊற்றிக்கொண்டிருந்தது, நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரிதான் என்பதால், எண்ணெயிலும் கொட்டைப் பருப்புகளிலும் கண் செய்யும் சிறு பிழைகூடக் கணக்கில் பெரிதாகிவிடுகிறது. ஒரு கைப்பிடி என்று நான் எடுத்த கொட்டைகள் இரண்டு பேருக்குப் போதும். உப்புப் பார்க்கிறேன் என்று சமைக்கும்போது தின்றதும், வீணாகக் கூடாதே என்று பாத்திரத்தின் அடியில் கிடந்ததை வழித்துப் போட்டுக்கொண்டதும் என் நினைவிலேயே பதிவாகியிருக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை, அம்மா. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

இது என் ஒருவனுடைய குறை இல்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல் எரிக்கும் ஆற்றலை அளந்தபோது அது இயல்பாகவே இருந்தது. ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த உணவின் அளவு, உண்மையில் உண்டதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. உடற்பயிற்சியையோ உள்ளதைவிட ஒன்றரை மடங்காகக் கணித்திருந்தார்கள். ஏமாற்றுவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கண் ஒரு நல்ல தராசு இல்லை, அவ்வளவுதான். எனவே ஆறு வாரமாக எடை நின்றுபோயிருக்கும் நீ முதலில் செய்ய வேண்டியது, இன்னும் குறைத்துச் சாப்பிடுவதன்று; ஒரே ஒரு வாரம் மறுபடி நிறுத்துப் பார்ப்பது. தொடக்கத்தில் சரியாக எடுத்துக்கொண்ட அளவு, மாதங்கள் போகப் போகக் கைக்குத் தெரியாமலே வளர்ந்துவிடும். ஒரு வாரம் போதும். வாழ்நாள் முழுவதும் தராசோடு உட்கார்ந்து சாப்பிடும்படி உன்னிடம் நான் சொல்ல மாட்டேன். நானும் அதைச் செய்யவில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நம் வீட்டில் சமைப்பதும் பரிமாறுவதும் என் வேலையாக இருந்தது. உன் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை நீ நாற்காலியில் உட்காரும் முன்பே என் கரண்டி முடிவு செய்துவிடும். நீ "போதும்" என்று கையைக் குறுக்கே வைத்தால், விரல்களின் இடுக்கில் இன்னொரு கரண்டி வைப்பதை நான் பாசம் என்று நினைத்தேன். தட்டைக் காலி செய்தால் பாராட்டினேன், மிச்சம் வைத்தால் முகத்தைச் சுளித்தேன். ஒரு குழந்தைக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கும் ஒரு விஷயம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது. அதை உன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, தட்டின் அடிப்பாகத்திடம் ஒப்படைத்தவன் நான்தான்.

தட்டில் விழும் அளவு எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே உணவை, ஒரே ஆட்களுக்கு, வெவ்வேறு நாட்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை வைத்துக் கொடுத்தார்கள். பெரிய அளவு வைத்த நாளில், சிறிய அளவு வைத்த நாளைக் காட்டிலும் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகு வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டால், எல்லா நாளும் ஏறத்தாழ ஒரே பதில். வைக்கப்பட்ட அளவு மாறியதையே பாதிப் பேருக்கு மேல் கவனிக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கு மன உறுதி இல்லை என்று நீயே சொல்லிக்கொள்வது எவ்வளவு தவறான தீர்ப்பு என்பதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

அதனால், அளவைப் பசியின் நடுவில் முடிவு செய்யாதே. பாத்திரத்தை உணவு மேசைக்குக் கொண்டுவராமல், அடுப்பருகே நின்று தட்டில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். இரண்டாம் முறை வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும் என்ற அந்த ஐந்தாறு அடித் தொலைவு, எனக்கு எந்த அறிவுரையையும்விட அதிகமாக உதவியது. பொட்டலத்தில் வருவதைப் பொட்டலத்திலிருந்தே தின்னாதே. கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு வா. முதலில் தட்டின் பாதியைக் காய்கறிகளால் நிரப்பிவிடு. அவற்றில் நீரும் நார்ச்சத்தும் மிகுதி என்பதால் அதே எடைக்குக் கலோரி குறைவு, வயிறும் நிறையும். மீதிப் பாதியில் புரதத்துக்கு உன் உள்ளங்கை அளவு, மாவுப் பண்டத்துக்கு உன் மூடிய கை அளவு, எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் கட்டைவிரல் நுனி அளவு என்று பழகிக்கொள்ளலாம். இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் கையை வீட்டில் மறந்துவிட்டுப் போக முடியாது என்பது அதன் பெரிய வசதி.

சிறிய தட்டு வாங்கினால் தானாகவே குறைவாகச் சாப்பிடுவோம் என்று பலர் சொல்வார்கள். நானும் வாங்கினேன். நான் செய்ததெல்லாம் அந்தச் சிறிய தட்டை மூன்று முறை நிரப்பியதுதான். உன் அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆய்வுகளும் அந்தத் தந்திரத்தைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. மெதுவாகச் சாப்பிடுவது அதைவிடப் பயனுள்ளது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அது வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் உனக்குத் தீங்காகிவிடும். 40 வயதில் நான் செய்தது போல எல்லாவற்றையும் வெட்டிவிடாதே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து ஆராய்ந்தார். அவர்கள் அனைவரும் விரும்பி வந்த, நல்ல உடல்நலமும் மனத்திண்மையும் உள்ள இளைஞர்கள். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்த அவர்கள் சமையல் குறிப்புகளை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வுமாகக் கிடந்தார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைவு வரவில்லை என்றார்கள் சிலர். இரவு பதினொரு மணிக்கு அலமாரிக்கு முன்னால் நிற்பதைப் பற்றி நீ வெட்கத்தோடு சொன்னாயே, அந்த நாட்களில் பகலில் என்ன சாப்பிட்டாய் என்று எழுதிப் பார். பெரும்பாலும் பகலில் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

எடை குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து மூளைக்குச் சேமிப்பின் நிலவரத்தைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்புக் குறைந்தால் அது குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றங்கள் நீடித்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அளந்தபோது, ஓய்வில் அவர்களின் உடல் எரித்த ஆற்றல், அந்த உடலமைப்புக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் கடுமையாக உடலை வருத்தியவர்கள், உனக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் இளைத்த உடலுக்கு முன்பைவிடக் குறைந்த உணவே போதும், அதே நேரம் பசி முன்பைவிடக் கூடுதலாக இருக்கும் என்ற இரட்டை நெருக்கடி எல்லோருக்கும் சிறிய அளவிலாவது வரும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வகுத்து, இத்தனை வாரத்தில் இத்தனை கிலோ என்று போடும் கணக்கு இதனால்தான் நேர்கோட்டில் ஓடுவதில்லை. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் நீர்தான். உடலின் மாவுச்சத்துச் சேமிப்பு கரையும்போது அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது.

அதனால் தினமும் எடைக்கருவியில் ஏறி இறங்கி மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உப்பு, மலம், மாதவிலக்கை ஒட்டித் தேங்கும் நீர் ஆகியவற்றால் ஒரு கிலோ இப்படியும் அப்படியும் ஆடும். தினமும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வாரச் சராசரியை மட்டும் குறித்துக்கொள். இடுப்பை நாடாவால் மாதம் ஒருமுறை அள.

உன் இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரிக் காலத்து எடைக்குத் திரும்ப வேண்டும் என்றாய். என் மருத்துவர் என்னிடம் கேட்டது 6 கிலோ மட்டுமே. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நான் அந்த 6 கிலோவைப் பதினான்கு மாதத்தில் இறக்கினேன். அதில் ஒன்றரை கிலோ திரும்ப வந்திருக்கிறது. நீ இழந்திருக்கும் 3 கிலோவை நான் சிறியதாகக் கருதவில்லை, நீயும் கருதாதே.

ஒரு வாரம் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகும் கணக்கு சரியாக இருந்து எடை நின்றிருந்தால், மருத்துவரிடம் போ. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், தொடர்ந்த தூக்கக் குறைவு எல்லாம் குறுக்கே நிற்கக்கூடும். இப்போது வரும் பசி குறைக்கும் ஊசிகளை அவர் பரிந்துரைத்தாலும் அதில் குறுக்குவழி என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள். சாப்பாட்டை நினைத்தாலே பயம் வருகிறது, ஒளித்துச் சாப்பிடத் தோன்றுகிறது, சாப்பிட்டதை வெளியேற்றத் தோன்றுகிறது என்ற நிலை எப்போதாவது வந்தால், எடைக்குறைப்பை அப்படியே நிறுத்திவிட்டு அன்றைக்கே என்னைக் கூப்பிடு.

கடைசியாக, போன முறை நீ வந்தபோது வாசலிலேயே, "என்னம்மா, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாயே" என்று சொல்லிவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் உன் தட்டில் மூன்று கரண்டி கூடுதலாக வைத்தேன். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்தது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. மன்னித்துக்கொள். அடுத்த முறை வரும்போது கரண்டியை உன் பக்கம் வைத்துவிடுகிறேன். பழக்க தோஷத்தில் என் கை நீண்டால் தட்டை இழுத்துக்கொள். நான் முகம் சுளிக்காமல் இருக்க உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா