தீபாவளிக்கு பெயிண்ட் வேண்டாம், விஜி

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதமும் கூட வைத்திருந்த நாலு போட்டோவும் செவ்வாய்க்கிழமை வந்தன. 31 வருஷம் மும்பையில் தீப்பெட்டி மாதிரி ஃபிளாட்டில் இருந்துவிட்டு, கடைசியில் மாயவரத்துத் தாத்தா வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டாய். கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தில், நரைமுடியை மறைத்துவிட்டுப் பார்த்தால் பத்தாம் வகுப்பு விஜியேதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஐந்தாம் மாதம். எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குள் வீடு முழுக்கப் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிட வேண்டும், பெயிண்டரிடம் பேசியாச்சு என்று எழுதியிருக்கிறாய். அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் அப்படியே நிறுத்து. கொடுத்திருந்தால் தைக்குத் தள்ளிப் போடச் சொல்.

நம் அம்மாக்கள் எப்போது வெள்ளையடித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? போகிக்கு முன்னால், மார்கழிக் கடைசியில். மழை ஓய்ந்து வெயில் ஏற ஆரம்பித்த பிறகு. தீபாவளி வருவது ஐப்பசியில், உங்கள் பக்கம் அடைமழைக் காலம். அந்தச் சமயத்தில் சுவருக்கு எமல்ஷன் அடிப்பது, ஈரத்தலையைத் துவட்டாமல் இறுக்கிக் கொண்டை போடுகிற மாதிரி. உள்ளே நாற்றம்தான் எடுக்கும்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் கூடத்துச் சுவரில் ஒரு முறம் அளவுக்கு ஈரம் ஊறி ஓதம். வந்த பெயிண்டர், "அதுக்குன்னே பெயிண்ட் இருக்குதும்மா, அடிச்சா நின்னுடும்" என்றார். இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது. நாலாம் மாதம் அப்பளம் பொரிந்த மாதிரி உப்பியது. விரலால் தொட்டால் ஒரு தோல் உரிந்து வந்தது, உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக உப்பு.

அப்புறம் தெருக்கோடியில் இருக்கிற ஒரு வயசான கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. சுவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர்ந்தார். நல்ல இடத்தில் 'டக் டக்', ஓதம் இருந்த இடத்தில் 'பொத் பொத்'. பிறகு ஒரே கேள்வி: "இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு குளிக்கிறா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் குளியலறைதான்! ஒரு வாரம் அதைப் பூட்டிவைத்துவிட்டுப் பின்கட்டில் குளிக்கச் சொன்னார். எட்டாம் நாள் ஓதத்தின் விளிம்பு உள்வாங்கியிருந்தது. தரையில் தண்ணீர் வடிகிற நானி ட்ராப்பைச் சுற்றி டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமெண்ட் கரைந்து போயிருந்தது, அவ்வளவுதான். பழையதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸிப் பசை வைத்து அடைத்தார். அரை நாள் வேலை. பெயிண்ட்டுக்கு நான் கொட்டிய காசில் கால்வாசிகூட ஆகவில்லை.

அதனால் உன் வீட்டிலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, கலர் பிறகு பார்க்கலாம்.

நீ அனுப்பிய இரண்டாவது போட்டோவில் இருக்கிற ஓதம் என்னுடையது மாதிரி இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் நெடுக ஒரே கோடாகப் போகிறது. அது மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி ஏற்றுகிற ஈரம். பழைய வீடுகளில் பெரும்பாலும் அதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேலே ஒரு அடுக்கும் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தாத்தா இருந்தவரை அந்தச் சுவர் நன்றாகத்தானே இருந்தது? போட்டோவை மறுபடி பார்த்தேன். குடியிருந்தவர்கள் கொல்லைப்பக்கம் முழுக்கச் சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். முன்பு மண்ணாக இருந்தபோது ஈரம் அதன் வழியாகக் காய்ந்து போயிருக்கும். இப்போது போக வழியில்லாமல் சுவரில் ஏறுகிறது. போதாததற்குத் தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, சுவரைப் பார்த்து இருக்கிற மாதிரித் தெரிகிறது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு ஜல்லி போடச் சொல். மிச்சத் தளத்துக்கு வாட்டம் வெளிப்பக்கம் போகட்டும்.

உள்ளே பூத்திருக்கிற உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதே. கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டு. பொத் பொத்தென்று சத்தம் வருகிற பூச்சை, ஓதம் தெரிகிற கோட்டுக்கு மேல் ஒரு அடி வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். யாராவது வந்து, என்ன விஜி சுவர் இப்படி இருக்கிறது என்று கேட்டால் காய்கிறது என்று சொல். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று பொதுவாக ஒரு கணக்கு உண்டு. உன் சுவர் எத்தனை கனம் என்று உனக்கே தெரியும், அந்த ஜன்னல் திண்டில்தானே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தோம்.

திரும்பப் பூசும்போது சிமெண்ட் வேண்டாம். உன் கொத்தனார் கட்டாயம் அதைத்தான் சொல்வார், உறுதியாக இருக்கும் என்பார். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு மழைக்கோட்டு மாட்டின மாதிரி. ஈரம் அந்த இடத்தில் வெளியே வர முடியாமல் இன்னும் மேலே ஏறும், இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த ஆளைத் தேடு, கும்பகோணம் பக்கம் கோயில் வேலை செய்கிறவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள். அந்தச் சுவருக்கு மட்டுமாவது எமல்ஷனை விட்டுவிட்டு வெறும் சுண்ணாம்பே அடி. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதிக்கும், பேரன் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள். கண்ணில் தெறித்தால் ஆபத்து.

ஆக, ஐப்பசிக்கு முன்னால் உனக்கு இருக்கிற அவசர வேலை மாடிதான். உன் வீடு மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டம், அதன் மேல் சின்னச் செங்கல், சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு. மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒழுகுகிறதா என்று பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது கான்கிரீட் தளத்துக்குச் செய்வது. பழைய மரச்சட்டத்துக்கு அவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது. அதே காரணத்துக்காகத்தான், பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு கான்கிரீட் போடுகிற யோசனையும் வேண்டாம். ஒரு மழை பெய்து விட்டதும் சாக்பீஸோடு மேலே போ. தண்ணீர் தேங்குகிற இடத்தைச் சுற்றி வட்டம் போடு. அந்த இடங்களில் ஓட்டு இடுக்கைப் பார்த்தால் போதும். பாசியைச் சுரண்டி, மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கிற வேப்பிலைச் சருகை எடுத்தாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும். கீழே ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கேயே கொத்த விடாதே. தண்ணீர் ஒரு இடத்தில் இறங்கி, சட்டத்தோடு ஓடி, வேறு இடத்தில் சொட்டும்.

சட்டங்கள் சுவருக்குள் நுழைகிற முனைகளை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். மரம் கெட்டியாக எதிர்த்தால் சரி. புட்டில் குத்தின மாதிரி இறங்கினால் கரையானோ ஈரமோ அரித்திருக்கிறது, எஞ்சினியரைக் கூப்பிடாமல் வேறு எந்த வேலையும் ஆரம்பிக்காதே.

கூடத்துச் சிவப்புத் தரையை மூடி டைல்ஸ் போடப்போவதாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உன்மேல் கோபமே வந்தது. அந்த ரெட் ஆக்ஸைடு தரையில் நாம் பாண்டி ஆடியிருக்கிறோம்டீ! ஆசிட் மட்டும் படாமல் பார்த்துக்கொள். துடைத்துக் காயவிட்டு, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, அதிகப்படியைக் காய்ந்த துணியால் எடுத்துவிடு. இல்லாவிட்டால் வழுக்கும்.

ஓதம் இல்லாத மேல் அறைகளுக்குத் தையில் எமல்ஷன் அடித்துக்கொள். 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் 400. இரண்டு கோட்டுக்கு லிட்டர் ஒன்றுக்கு 55லிருந்து 60 சதுர அடி வரும், அதாவது ஏழு லிட்டர் சுமார். பெயிண்டர் 12 என்றால் ஏன் என்று கேள். பழைய சுண்ணாம்பு முழுக்கச் சுரண்டி உப்புத்தாள் போட்ட பிறகுதான் பட்டி. இல்லாவிட்டால் பட்டி சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. கலரை அட்டையில் பார்த்து முடிவு பண்ணாதே. சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்குச் சுவரிலேயே அடித்து, காலையிலும் டியூப்லைட்டிலும் பார்.

மாடி அறைக் கதவு இறுக்கிக்கொள்கிறது என்றாயே, மழைக்காலத்தில் இழைக்க விடாதே. மாசியில் மரம் சுருங்கியதும் விரல் நுழைகிற சந்து விழும். இப்போதைக்கு உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்.

முதல் மழை விட்டதும் சாக்பீஸ் வட்டங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. கார்த்திகை மாதம் சின்னவளோடு அங்கே வருகிறேன். நானே ஒரு தடவை சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சரோ

பி.கு: தண்ணீர்த் தொட்டி ராத்திரியில் தானாகக் குறைகிறது என்று எழுதியிருந்தாய். டாய்லெட் ஃபிளஷ் தொட்டியில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் இரு. கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் போய்விட்டது. நீயே மாற்றலாம், பிளம்பர் வேண்டாம்.