உன் கோடரிக்காரனை மாற்றிவிடாதே

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் சேர்ந்திருந்து கேட்டோம். ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றியிருந்து கதையாக ஆடும் நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை மெல்பேர்னிலும் விளையாட உனக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. வேலை, அறை, ரயில் என்றே பிள்ளையின் நாட்கள் போகின்றன, கூடியிருந்து சிரிக்க நாலு பேர் இல்லையே என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் மெசேஜின் கடைசியில் நீ சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் கோடரிக்காரனின் தகுதிகளுக்கு டைஸ் உருட்டியதில் உடல்பலமான ஸ்ட்ரெங்த் 17, தாங்குசக்தியான கொன்ஸ்டிடியூஷன் 16. அதுவரை நல்லது. ஆனால் புத்தியான இன்டெலிஜன்ஸ் 6, ஆளைக் கவரும் கரிஸ்மா 5. "இப்பிடி ஒரு முட்டாள் ஃபைட்டரை வச்சு நான் என்ன செய்யிறது அப்பா, திரும்ப உருட்டலாமா என்று ஆட்டத்தை நடத்துற டிஎம்மிடம் கேக்கப்போறன்" என்றாய். கேட்காதே பிள்ளை. நம் சாப்பாட்டு மேசையில் உன் சிநேகிதர்களோடு இத்தனை காலம் விளையாடியதில் என் மனதில் நின்ற பாத்திரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். உன் கைக்கு வந்திருப்பது நல்ல ஆள்.

முதலில் அந்த எண்ணைப் பார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, ஒவ்வொரு தகுதிக்கும் ஆறு முக டைஸ் மூன்றை உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதிக்கொள்வதுதான் முறை. மூன்று டைஸ் விழக்கூடிய 216 வழிகளில் 20 வழிகள் 6 அல்லது அதற்குக் கீழே தரும். ஏறத்தாழ 11 பேருக்கு ஒருவர். 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு பேர். அவர்கள் கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்கி வருவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள், காதலிப்பார்கள், கோபப்படுவார்கள். பாடத்தில் மெதுவாக இருப்பார்கள், அவ்வளவுதான். வாயைப் பிளந்துகொண்டு சுவரில் முட்டுகிற ஆள் உன் ஷீட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

இப்போதைய விதிப்படி 10 அல்லது 11 இருந்தால் உருட்டியதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 6 என்றால் இரண்டு கழியும். கொஞ்சம் கடினமான காரியத்துக்கு 15 வேண்டும் என்று டிஎம் சொன்னால், சாதாரண ஆளுக்கு இருபது முக டைஸில் 15இலிருந்து 20 வரை ஆறு முகங்கள் கைகொடுக்கும். உன் ஆளுக்கு 17இலிருந்து 20 வரை நான்கு. வித்தியாசம் இரண்டே முகம். அந்த இரண்டு முகத்துக்காக ஒரு மனிதனை முழு முட்டாளாக்கி ஆடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பட்டறிவான விஸ்டம் 11 என்று சொன்னாய். அதை நீ கவனிக்கவே இல்லை. ஒருவன் பொய் சொல்கிறானா என்று முகம் பார்த்து அறிகிற இன்சைட் விஸ்டத்தில்தான் வருகிறது, புத்தியில் அல்ல. சுற்றுமுற்றும் பார்த்து ஆபத்தை உணர்வதும் அப்படித்தான். விதிப்புத்தகங்களின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓநாய்க்கு இன்டெலிஜன்ஸ் 3, ஆனால் விஸ்டம் 12. ஆகவே கதையில் ஒரு வியாபாரி பொய் சொன்னால் உன் ஆளுக்கு அது தெரியும். எதற்காக, எப்படி என்று விளக்கத் தெரியாது. "இந்த ஆளிட்ட ஒண்டும் வாங்க வேணாம்" என்று மட்டும் சொல்வான். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். விளையாட எவ்வளவு இடம் இருக்கிறது பார்.

இப்போது அவனுக்கு என்ன தெரியும் என்று யோசி. என்ன தெரியாது என்று பட்டியல் போடுவது சுலபம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் வேலை செய்கிற நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரை நீ சின்ன வயதில் என்னோடு வந்து பார்த்திருக்கிறாய். அவர்களில் ஒருவருக்கு பில் வாசிக்க வராது, கணக்குச் சொன்னால் விளங்காது, கூட்டத்தில் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. ஆனால் சீனி மூட்டையை முதுகில் ஏற்றியதும் நின்றுவிடுவார். "இது குறையுது" என்பார். தராசில் வைத்துப் பார்த்தால் குறையும். லொறி எந்த ஒழுங்கையில் திரும்பும், எந்தக் கூரையில் மழைக்கு ஒழுகும், எந்த முதலாளி காசு தராமல் இழுத்தடிப்பார், எல்லாம் அவருக்குத் தெரியும். உன் வீரனும் இப்படி உடம்பால் கற்றவன். கயிறு தாங்குமா, ஆற்றில் இறங்கலாமா, எதிரே நிற்பவனுக்கு எந்தக் கால் பலவீனம், செருப்புத் தேய்ந்தால் எத்தனை மைல் நடக்கலாம் என்பதில் மந்திரவாதியைவிட அவன் கெட்டிக்காரன். சண்டைக்களத்தில் அவன் தயங்கத் தேவையில்லை. அங்கே அவன் மெதுவான ஆள் அல்ல.

மட்டக்களப்பில் இருந்த காலத்தில் நான் வடமோடிக் கூத்து ஆடியது உனக்குத் தெரியும். ஆடுகளமான களரியில் ஒரு பாத்திரம் வாய் திறக்க முன்னமே, வரவு ஆட்டத்திலேயே ஆள் யார் என்று சனத்துக்குப் பிடிபட்டுவிடும். வீமன் வரும் விதம் வேறு, தருமர் வரும் விதம் வேறு. நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறவர்கள், ஆடிக்காட்ட முடியாது. ஆனாலும் சொல்லலாமே: வாசலில் குனிந்து நுழைகிறான், கதிரை தாங்குமா என்று ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்காருகிறான், பேசும்போது மற்றவர் கையைப் பார்க்கிறான், முகத்தை அல்ல. இப்படி இரண்டு மூன்று வரி போதும். குரலை மாற்றத் தேவையே இல்லை.

குரல் விஷயத்தில் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கொழும்பில் சில மேசைகளில் மந்தமான ஆள் வந்தால் உடனே மலையகத் தமிழோ மட்டக்களப்புத் தமிழோ பேச வைத்து எல்லோரும் சிரிப்பார்கள். என் ஊர்ப் பேச்சில் முட்டாளைக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். உன் அப்பப்பா முதன்முதல் கொழும்புக்கு வந்தபோது ஒரு அலுவலகக் கவுன்டரில் சிங்களம் சரியாக வராமல் தடுமாறினார். அங்கிருந்தவர் அவரை ஒன்றும் தெரியாத ஆள் போல நடத்தினார். ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வகுத்துக் கொடுத்த மனிதர் அவர். நீ இப்போது ஆங்கிலத்தில் விளையாடப் போகிறாய். உன் ஆளுக்கு உடைந்த ஆங்கிலத்தைக் கொடுக்காதே. இலக்கணம் சரியாக இருக்கட்டும், வசனம் சின்னதாக இருக்கட்டும். தெரிந்த பொருளைப் பற்றி, கண்ணால் கண்டதைப் பற்றிப் பேசட்டும். பேச்சு கைக்கு வராதவனுக்கு யோசனையும் இல்லை என்று யாரும் நினைக்கும்படி ஆடாதே.

அப்புறம், "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற சாட்டு. நம் மேசையில் ஒரு பொடியன் கோடரிக்காரன் ஒருவனை வைத்திருந்தான். மற்றவர்கள் அரைமணி நேரம் திட்டம் போடுவார்கள், இவன் போய்க் கதவை உதைப்பான். தூதுவன் பேச வந்தால் வெட்டுவான். முதல் வாரம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு திட்டம் போடுவதையே விட்டுவிட்டார்கள்; எதற்குப் போட வேண்டும்? ஒரு ஆளின் பகிடிக்காக நாலு பேரின் இரவு பாழானது. மந்தமானவன் கட்டுப்பாடு இல்லாதவன் என்று எந்த விதியும் சொல்லவில்லை. திட்டம் விளங்காத ஆள் உண்மையில் என்ன செய்வான்? விளங்கிய ஆளின் பக்கத்தில் போய் நிற்பான். "நான் எங்க நிக்கணும்? எப்ப அடிக்கணும்?" என்று கேட்பான். சொன்ன இடத்தில் மலை போல நிற்பான். அப்படி நிற்கிறவனை நம்பி மற்றவர்கள் துணிந்து திட்டம் போடுவார்கள்.

அதே மேசையில் உன் சிநேகிதி ஒருத்தி ஆடியதை நான் மறக்கவே மாட்டேன். அவளுடைய காவல்காரனுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அவனோடு பயணம் போனவர்கள் சரியாக ஐந்து பேர். ஒவ்வொரு இரவும் முகாம் போட்டதும் ஆளுக்கொரு விரல் என்று தொட்டு எண்ணிவிட்டுத்தான் படுப்பான். அவள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவாள், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கோபுரத்துச் சண்டையில் குணப்படுத்துகிறவள் செத்துப்போனாள். அன்று இரவு அவன் எண்ணினான், ஒரு விரல் மிஞ்சியது. திரும்ப எண்ணினான். பிறகு எழும்பி இருட்டுக்குள் தேடப் போனான். மேசையில் ஒருவரும் பேசவில்லை. புத்தி 16 உள்ள எந்தப் பாத்திரத்தாலும் அந்த இரவைத் தந்திருக்க முடியாது. உன் ஆளுக்கும் இப்படி ஒரு பழக்கம் கொடு, அவன் யாரை, எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடு.

விடுகதை, பூட்டு, பழைய கல்வெட்டு வரும்போது உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும். உனக்கு விடை உடனே தெரிந்துவிடும், அவனுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு போனை நோண்டாதே. விடையை உன் வாயால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல், அவருடைய மந்திரவாதி கண்டுபிடித்ததாக இருக்கட்டும். அல்லது உன் ஆள் எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்கட்டும்: "இந்தக் கல் மட்டும் ஏன் ஈரமா இருக்கு?" அவன் கவனித்ததை இன்னொருவர் விளங்கிக்கொள்ளட்டும். விதியிலேயே ஹெல்ப் என்று ஒன்று இருக்கிறது. நீ உதவினால் மற்றவர் இரண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். உன் ஆள் அந்த வேலைக்கு என்றே பிறந்தவன்.

கரிஸ்மா 5 என்றால் அவலட்சணம் என்றோ வாய்த்துடுக்கு என்றோ எடுக்காதே. அவன் சொன்னதை யாரும் காதில் வாங்குவதில்லை. அதே விஷயத்தை இன்னொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பகிடி சொன்னால் நேரம் பிந்திவிடும். ஆறுதல் சொல்லப் போய் சும்மா பக்கத்தில் நின்றுவிட்டு வருவான். இது எவ்வளவு பெரிய துக்கம் என்று யோசித்து ஆடு. உன் குழுவிலேயே ஒருவர் மெல்ல மெல்ல அவன் சொல்வதைக் கேட்கத் தொடங்கினால் அதுவே ஒரு கதை.

மிரட்டுவது மட்டும் வேறு. இன்டிமிடேஷன் வழக்கமாகக் கரிஸ்மாவில் உருட்டுவது, உனக்கு மூன்று கழியும். ஆனால் 2014 விதிப்புத்தகத்திலேயே, டிஎம் சம்மதித்தால் பலத்தைக் காட்டி மிரட்டும்போது ஸ்ட்ரெங்த்தில் உருட்டலாம் என்று விருப்ப விதி இருக்கிறது. அப்போது மூன்று கூடும். முதல் நாளே டிஎம்மிடம் கேட்டு வைத்துக்கொள்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? நீ சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்லும் பிள்ளை. ஆசிரியர் கேள்வியை முடிக்க முன்னமே கை உயரும். எனக்கு அதில் பெருமைதான், இப்போதும் பெருமைதான். ஆனால் பின்வரிசை வாங்கில் இருந்த பிள்ளைக்கு வகுப்பு எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு விளங்குவது எப்படி இருக்கும், எல்லோரும் வேகமாகப் பேசும் அறையில் ஒரு வசனத்துக்கு இடம் தேடுவது எப்படி இருக்கும்? அதை உனக்கு ஒரு அப்பா சொல்லித்தர முடியாது. இந்தக் கோடரிக்காரனோடு சில மாதம் இருந்தால் உனக்கே தெரியும். புதிய நாட்டில், புதிய ஆட்களுக்கு நடுவில் இருக்கும்போது அது தெரிந்திருப்பது நல்லது.

சனிக்கிழமைதானே முதல் ஆட்டம்? அதற்கு முன் அவனுக்குப் பெயர் வை. கூப்பிடச் சுலபமான பெயராக இருக்கட்டும், அவனே தடுமாறாமல் சொல்லக்கூடியதாக. எந்த ஊர், தாய் இருக்கிறாரா, யார் அவனுக்குக் கோடரி பிடிக்கப் பழக்கினது, இந்த மூன்றையும் எழுதி எனக்கு அனுப்பு. இங்கே ஞாயிறு பின்னேரம் நம் மேசையில் பிள்ளைகள் வருவார்கள், அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா