அத்தை காதிலிருந்து கழற்றிய ஹெட்போன்

உலக மிஷனெரி ஊழியத்துக்கென்று பெங்களூரில் பிரஸ்பிட்டேரியன் மாநாடு நடத்திய குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். மாநாடு எப்படி நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாம் நாள் பின்வரிசையில் நடந்தது மட்டும் மேடைக்குத் தெரிந்திருக்காது.

லிங்கராஜபுரத்திலிருந்து எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதினோரு பேர் வந்திருந்தோம். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. "1947-ல் உங்கள் பரம்பரையும் எங்கள் பரம்பரையும் கலந்து உண்டானதுதானே உங்கள் சபை, ஒரே குடும்பம்" என்று கூப்பிட்டீர்கள். முதல் நாள் முழுக்கக் குடும்பத்துக்குப் பரிமாறினோம். அதில் குறையில்லை; கோயில் அசன விருந்துக்குப் பரிமாறிப் பழகிய கைகள். மறுநாள்தான் உள்ளே உட்காரக் கிடைத்தது.

என் அத்தைக்கு எழுபத்து நாலு வயது. மெஞ்ஞானபுரம் பக்கம் பிறந்தவர். வாசல் மேசையில் அடுக்கியிருந்த ஹெட்போனைப் பார்த்து, தமிழில் வரும் என்று நம்பி எடுத்து மாட்டிக்கொண்டார். வந்தது கொரிய மொழி. ஆனாலும் கழற்றவில்லை. மடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் கையை உயர்த்தும்போதெல்லாம் தலையாட்டியபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு தொண்டர் தம்பி வந்து, "ஆன்ட்டி, இது ஃபாரின் டெலிகேட்ஸுக்கு" என்று காதிலிருந்து கழற்றிக்கொண்டு போனான். அத்தை கலைந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

கொரியச் சகோதரர்களுக்கு மொழிபெயர்ப்பு வைத்தது நல்ல காரியம். நாங்கள் கேட்பது, தமிழுக்கும் கன்னடத்துக்கும் அதே ஏற்பாடு.

சற்று நேரத்தில் திரையில் மிசோரம் வீட்டு அடுக்களை ஒன்று வந்தது. உலை வைக்குமுன் ஒரு பெண் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறாள். பூஃபாய் தாம் என்கிறார்கள். வீடு வீடாகச் சேரும் அந்த அரிசியை விற்று மிஷனெரி ஊழியத்துக்குக் கொடுப்பது அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களின் வழக்கம். அத்தை என் தொடையில் தட்டினார்: "ஏட்டி, இது நம்ம பிடியரிசில்லா!"

எங்கள் வீட்டு அரிசி டப்பா பக்கத்தில் அதற்கென்றே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அத்தைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பல வீட்டு அரிசி கலந்துபோனால் இங்கே யாரும் வாங்குவதில்லை. அங்கே யார் வாங்குகிறார்கள்? அந்த மாநாட்டிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்பேன். மைக் நான்காவது வரிசையோடு திரும்பிவிட்டது.

மாலையில் ஒரு பேச்சாளர், பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவை இழுத்தார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர். அரங்கமே கைதட்டியது. அசரியா வெள்ளாளன்விளைக்காரர், அத்தை ஊருக்குப் பக்கத்து ஊர். பேசியது யாரைப் பற்றி என்றுகூடத் தெரியாமல், எல்லாரும் தட்டுகிறார்களே என்று அத்தையும் தட்டினார்.

பிரஸ்பிட்டர் என்றால் கிரேக்கத்தில் மூப்பர் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெயரிலேயே மூப்பரை வைத்திருக்கிற நீங்கள் மூத்தவர்களை உட்காரவைத்த லட்சணம் இது. 1706-ல் தரங்கம்பாடியில் கப்பல் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க், 1715-க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சடித்துவிட்டார். அவர் லுத்தரன் சபைக்காரர், உங்களைக் கட்டுப்படுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒலிபெருக்கியும் வைஃபையும் வைத்துக்கொண்டு உங்களால் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியவில்லையே!

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த ஊரில் எங்கள் சபைகளிலேயே தமிழ் ஆராதனைக்கு விடியற்காலையும் ஃபேனும், ஆங்கில ஆராதனைக்குப் பத்து மணியும் ஏசியும். கேட்டால் வாலிபர்கள் வரமாட்டார்களாம். அந்தச் சண்டையை நாங்கள் தனியாகப் போட்டுக்கொள்கிறோம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாநாட்டில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் மொழிபெயர்ப்பு வையுங்கள்; மைக்கைக் கடைசி வரிசைவரை அனுப்புங்கள். ஆள் இல்லை என்றால், ஓய்வுபெற்ற டீச்சர்கள் இரண்டு பேர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம் என்கிறார்கள். மிசோரத்திலிருந்து வந்தவர்களிடம் அந்த அரிசிக் கேள்வியையும் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். பாட்டில் நிரம்பிவிட்டது.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒருத்தி,
லிங்கராஜபுரம், பெங்களூர்.