படத்தில் இருப்பது புன்னை அல்ல, புங்கன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ஊர்களில் மழைக்கு முன் மரம் நடுவது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரை சரியான நேரத்தில் வந்திருக்கிறது. ஆனால் புன்னை என்று போட்டிருந்த படம் புங்கனுடையது. எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை குழி வெட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் படத்தைக் காட்டி நாற்று வாங்கிவிடக் கூடாது.

புங்கனில் ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள் இருக்கும். காய் தட்டையானது. புன்னைக்குத் தனி இலை; எதிரெதிராக, தடித்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். வாழை இலையில் இருப்பதைப் போல நடுநரம்பிலிருந்து இருபுறமும் மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, இணையாக ஓடும். இந்த நரம்பைப் பார்த்தாலே போதும், பூக்கும் வரை காத்திருக்க வேண்டாம். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் எரியும், கவனம். பூ வெள்ளை, நடுவே பொன்னிற மகரந்தக் கொத்து, நல்ல மணம். காய் உருண்டை. கழிமுகங்களில் சுரபுன்னை என்று சொல்வது வேறு. அது தாங்குவேர் விட்டுச் சேற்றில் நிற்கும் அலையாத்தி வகை.

புங்கனும் உப்பைத் தாங்கும் நல்ல மரம்தான். ஆனால் கோடையில் இலை உதிர்க்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வரும் உப்புச் சாரலைத் தடுத்து நிற்க, என்றும் பச்சையாக இருக்கும் புன்னையே ஏற்றது.

பெயர்க் குழப்பத்தால் வரும் பெரிய நட்டம் விதையில்தான். புங்க விதை ஓரிரு வாரத்தில் முளைத்துவிடும். அதே கணக்கில் புன்னைக்குக் காத்திருந்து, "சொத்தை விதை" என்று பையோடு கொட்டிவிடுகிறார்கள். ஓட்டோடு போட்டால் புன்னை முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். பாதி முளைக்காமலும் போகலாம். ஓட்டை முழுக்க நீக்கினால் மூன்று வாரம் போதும். ஆனால் சுத்தியல் பட்டுப் பருப்பு கீறினால் பூஞ்சணம் பிடித்து அழுகும். ஆகவே ஓட்டில் விரிசல் மட்டும் விழும்படி மெதுவாகத் தட்டிப் போடுவதே பழகாத கைக்குப் பாதுகாப்பு. ஐந்தாறு வாரத்தில் முளை தெரியும். மரத்தடியில் உதிர்ந்த பழுத்த காயையே பொறுக்குங்கள். ஓர் இரவு ஊறவைத்துச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, நாள் கடத்தாமல் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் இறங்க உயரமான பை வேண்டும். சிறிய பையில் அது அடியில் சுருண்டுவிடும். பின்னாளில் காற்றுக்குச் சாயும் மரங்கள் பல இப்படி வந்தவையே.

நாற்று ஓரடி தாண்டியதும், புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசியில் நடலாம். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. வெறும் மணலில் தண்ணீர் நில்லாது; கண்மாய் வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். மரத்துக்கு மரம் இருபதடி விடுங்கள். நெருக்கி நட்டால் கிளை பரப்பாமல் ஒல்லியாக மேலே ஓடும். நம் மாவட்டத்து மழை பெரும்பாலும் கார்த்திகையோடு முடிந்துவிடுவதால் முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அடியில் ஓட்டையிட்டுத் திரி செருகிய பானையைச் செடி அருகே புதைத்தால் நீர் வீணாகாது. முதல் ஆண்டு தென்மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டுங்கள். வளர்ந்த மரம் உப்புக்காற்றை மதிக்காது. கன்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. இலை ஓரம் கருகுவது நோய் அல்ல, உப்புதான். அதற்கு மருந்து அடிப்பது வீண் செலவு.

அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த முதல் மணல்மேட்டைத் தொடாதீர்கள். ஆமைகள் முட்டையிட வரும் திறந்த மணல் அது. புன்னையை அந்த மேட்டுக்குப் பின்னால் நடுங்கள். உப்புநீர் தேங்கும் களியிலும் வேண்டாம்.

திருத்தம் வெளியிடும்போது இலை நரம்பு தெளிவாகத் தெரியும்படி ஒரு புன்னைப் படமும் சேர்த்துப் போட வேண்டுகிறேன். நாற்று வாங்கப் போகிறவர்கள் அதைக் கையோடு கொண்டுபோவார்கள்.

இப்படிக்கு,
நாற்றங்கால் வைத்திருக்கும் வாசகர்,
மண்டபம்