தாழைக்கு ஒரு முகவரி

அன்புள்ள மலர்,

கூடைக் கடைக்குத் 'தாழை' என்று பெயர் வைத்தது நல்ல முடிவு. ஆனால் டொமைன், அதாவது கடையின் இணைய முகவரிப் பெயர், வாங்க உட்காரும்போது அந்த ழகரம் உன்னைப் படுத்தும். இசட்-எச் போடுவாயா, எல் போடுவாயா? ஏ ஒன்றா, இரண்டா? எல் போட்டால் பாதிப் பேர் 'தலை' என்று படித்துவிட்டு சலூனோ என்று நினைப்பார்கள். நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல். அதிகம் பேர் எழுதியது எதுவோ அதையே வாங்கு. அடுத்தபடியாக வந்ததையும் வாங்கி, முதலாவதற்குத் திருப்பிவிடு. மற்றதெல்லாம் வருஷா வருஷம் தண்டச் செலவு. நடுவில் கோடு வேண்டாம். போனில் ஒருமுறை சொல்லிப் பார், ஏன் என்று தெரியும். 63 எழுத்து வரை விதி அனுமதிக்கிறது, நீ 12-ஐத் தாண்டாதே.

டாட் காம், டாட் இன் இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடு. தமிழிலேயே டாட் இந்தியாவும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் அதில் மெயில் முகவரி வைத்தால் பல இணையப் படிவங்கள் ஏற்காது. வாங்கும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் பெயரைத் தேடிவிடு. அது வேறொருவரின் டிரேட்மார்க் என்றால், அவர் புகார் கொடுத்து, காசு கட்டி வாங்கிய பெயரையும் நடுவர் தீர்ப்பில் நீ இழக்க நேரலாம்.

விலை பார்க்கும்போது முதல் வருஷத்துச் சலுகையைப் பார்க்காதே, புதுப்பிக்கும் விலையைப் பார்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். வெப்சைட் செய்து தருகிறவர், "டொமைனையும் நானே போட்டுத் தந்துடறேன் மேடம்" என்பார். வேண்டாம் என்று சொல். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவர் வேலை மாறினாலோ போன் எண்ணை மாற்றினாலோ போதும். டொமைன் விற்கும் நிறுவனத்தில் உள்ள கணக்கு யார் கையில் இருக்கிறதோ, பெயரும் அவர் கையில். உன் பெயரில், உன் கார்டில் வாங்கு. அவருக்கு நேம்சர்வர் (உன் தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்லும் சர்வர்) மாற்றும் அனுமதி மட்டும் கொடு.

கணக்குக்குக் கொடுக்கும் மெயில், அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வராது. பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான். தனி மெயில் ஒன்று வைத்து, அதற்கும் டொமைன் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடு. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிட போனிலேயே அந்தக் குறியீட்டைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. டிரான்ஸ்ஃபர் லாக், அதாவது பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத பூட்டு, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார். அப்படி மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டு யார் எழுதினாலும் கொடுக்காதே. டாட் காம் வாங்கியதும் மெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லிங்க் வரும். அதை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் தளம் முடங்கிவிடும்.

ஆட்டோ ரின்யூவல் (தானாகப் புதுப்பித்தல்) போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதே. ரிசர்வ் வங்கியின் 2021 விதிக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் நம் கார்டில் தானாகப் பணம் எடுப்பது பல சமயம் தோற்றுப்போகிறது. 10 வருஷம் வரை சேர்த்துக் கட்டலாம். உனக்கு மூன்று போதும். கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் குறித்து வை. கெடு தவறினால் டாட் காமுக்குக் கொஞ்ச நாள் சலுகை உண்டு, அதிகபட்சம் 45 நாள். அதற்குள்ளேயே ஏலத்தில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அபராதம் பல மடங்கு. கடைசி 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'உடனே கட்டுங்கள்' என்று வரும் மெயிலின் லிங்க்கை மட்டும் தொடாதே. முகவரியை நீயே தட்டி உள்ளே போய்ப் பார்.

நேம்சர்வர் மாற்றும் நாள் வந்தால், பழைய ரெக்கார்டுகளை (தளம், மெயில் எங்கே போக வேண்டும் என்ற குறிப்புகளை) எல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரி விடுபட்டால், தளம் நன்றாகத் தெரியும், ஆர்டர் மெயில் மட்டும் வராது. நாலு நாள் கழித்துத்தான் உனக்கே உறைக்கும். டிஎன்எஸ்செக் (முகவரித் தகவல் போலி இல்லை என்று சரிபார்க்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால், அதற்கான பழைய டிஎஸ் ரெக்கார்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் பொறுத்து மாற்று. இல்லாவிட்டால் பலருக்குத் தளமே திறக்காது.

எந்த எழுத்துக்கூட்டல் ஜெயித்தது என்று எழுது. இசட்-எச்சுக்குத்தான் என் ஓட்டு.

அன்புடன்,
அப்பா